மரம் வீழ்த்தாமல் காடளந்த வரலாறு

காடு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது ஒரு பசுமையான பரப்பு. நாகபுரியிலிருந்து இடார்சிக்குச் செல்லும் புகைவண்டி சாத்பூரா மலையை ஊடறுத்துப் போகும்போதும், கொங்கணக் கரையோர இருப்புப்பாதையில் சஹ்யாத்ரியின் அடிவாரத்தைத் தொட்டுச் செல்லும்போதும், சன்னலோரம் அமர்ந்திருக்கும் நாம் காண்பது காட்டின் ஓரத்தை. ஆகாயவிமானத்திலிருந்து குனிந்து நோக்கினால் காண்பது அதன் முகட்டை. ஓரத்தைக் கண்டவரும் முகட்டைக் கண்டவரும் காட்டையே கண்டதாக எண்ணிக்கொள்கிறோம். ஆனால் காட்டின் வாழ்வு, தரைக்கும் முகட்டுக்கும் நடுவிலுள்ள உயரத்தில், அடுக்கடுக்காக நடைபெறுகிறது. அந்த அடுக்குகளை மனிதன் எவ்வாறு அளக்கக் கற்றான், அதற்கு என்ன விலை கொடுத்தான், அவ்விலையைக் கொடாமலே அளக்கும் வழி எப்போது கிட்டியது என்பதே இப்பேச்சின் பொருள்.

எழுநிலைக் கோபுரத்தை நாம் அறிவோம். பசுமைமாறாக் காடும் அவ்வாறு நிலைகள் கொண்டு எழுந்த கட்டடமே. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளில் வெடிப்பலா, நாங்கு முதலிய பெருமரங்கள் முகட்டை அமைக்கின்றன. அவற்றின் கீழே நிழலைப் பொறுத்து வளரும் நடுத்தர மரங்கள். அவற்றுக்கும் கீழே சிறு மரங்கள். பின்னர்ப் பிரம்பும் புதரும் பெரணியும். அதன்பின் சருகு மூடிய தரை. முகட்டின்மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு ஒரு பங்கோ இரு பங்கோதான் அத்தரையை எட்டும். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிக் குடிகள் உண்டு. சோலைமந்தி என்று நம் மலைமக்கள் கூறும் சிங்கவால் குரங்கு தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மேல்நிலையிலேயே கழிக்கிறது. வெடிப்பலா அதன் முக்கிய உணவு. இருவாச்சிப் பறவை முதிர்ந்த பெருமரத்தின் பொந்தைத் தேடியே கூடமைக்கிறது. இவற்றின் நிலை ஒன்று சரிந்தால், கீழே எத்தனை செடி தழைத்தாலும் இவற்றுக்குப் பயனில்லை.

அரசாங்க மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்குக் காட்டைப் பற்றிய ஏடு வரும்போதெல்லாம் ஒரு சொல் வழிமறித்து நிற்கும். மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று கூடி அமைக்கும் மேற்கட்டியை ஆங்கிலத்தில் ‘கானபி’ என்பர். கொசுவலை கட்டிய கட்டிலைக் குறித்த கிரேக்கச் சொல்லொன்று பல நூற்றாண்டுகள் அலைந்து இவ்வடிவம் பெற்றதென்பது சொல்லாராய்ச்சியாளர் முடிபு. தமிழில் ‘விதானம்’ என்று எழுதுகிறோம். கோயில் மண்டபத்திலும் திருமணப் பந்தலிலும் மேலே கட்டும் துணி அது. எழுதும்போதே ஓர் ஐயம் எழும்: துணி என்றால் ஒன்றுதானே? காட்டின் மேற்கட்டியோ ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல. கொசுவலையாயினும் விதானமாயினும், சொல் நம்மை முகட்டிலேயே நிறுத்திவிடுகிறது. அளவைக் கருவிகளும் நெடுங்காலம் அவ்வாறே நிறுத்தின என்பதை இனிக் காண்போம்.

இந்திய அரசாங்கம் காட்டை முறையாக அளக்கத் தொடங்கிய காலத்தில் அது அளந்தது அடிமரத்தையே. 1856ஆம் ஆண்டு பர்மாவின் பெகுப் பகுதித் தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியத் தாவர அறிஞர், காட்டினூடே கோடுபோல் ஒரு வழி வகுத்துச் சென்று, இருமருங்கிலும் உள்ள தேக்கு மரங்களைப் பருமன்வாரியாக எண்ணிக் கணக்கெடுத்தார். அவரே 1864இல் இந்தியக் காடுகளின் முதல் தலைமை அதிகாரியானார். அவர் வகுத்த வழியில் வந்த வனத்துறையார்க்கு மரத்தின் மார்பளவுச் சுற்றே அடிப்படை அளவு. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி எடுக்கும் இவ்வளவு இன்றும் நம் நாட்டில் மாறவில்லை. கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் மரம் வேண்டிய அரசுக்குக் காடு ஒரு மரக்கிடங்கு. கிடங்கில் எத்தனை கட்டை உண்டு என்று அறிந்தாற் போதும்.

எனினும் அவ்வனத்துறையாரிடையே காட்டைக் காடாகவே நோக்கியவரும் இருந்தனர். ஹாரி சாம்பியன் என்பவர் 1936இல் இந்திய, பர்மியக் காடுகளின் வகைகளை மழை, வெப்பம், அமைப்பு ஆகியவற்றால் பகுத்து நூல் வெளியிட்டார். 1968இல் எஸ்.கே. சேத் அவர்களுடன் சேர்ந்து அதனைத் திருத்தி விரித்தார். இன்றும் நம் நாட்டுக் காடுகளுக்கு வகைப்பெயர் இடுவோர் அந்நூலையே நாடுகின்றனர். நீலகிரி, பழனி மலைகளின் மடிப்புகளில் குள்ளமாகவும் நெருக்கமாகவும் நிற்கும் காட்டுக்கு ஆங்கிலத் தாவரநூலார் வழங்கும் ‘ஷோலா’ என்ற பெயர் நம் ‘சோலை’தான் என்பதை, வெளிமாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லி வைக்கலாம்.

காட்டை மேலிருந்து காணும் முயற்சியும் நம் பகுதியிலேயே முன்னதாக நிகழ்ந்தது. 1924ஆம் ஆண்டு, அன்று இந்தியாவோடு இணைந்திருந்த பர்மாவில், ஐராவதி நதியின் கழிமுகக் காடுகள் விமானத்திலிருந்து படம் பிடிக்கப்பெற்றன. சேறும் ஓடையும் முதலையும் நிறைந்து, நடந்து அளப்பதற்கு அரிதான நிலம் அது. புகைப்படம் பரப்பைக் காட்டிற்று. மரக்கூட்டங்களின் எல்லையைக் காட்டிற்று. ஆனால் வெயில் எங்குப் பட்டுத் திரும்புமோ அங்கேயே புகைப்படத்தின் பார்வையும் நின்றுவிடும். இலைக்குக் கீழே என்ன உண்டு என்று அது சொல்லாது.

அந்தக் கேள்விக்கு விடை தேடி ஐந்தாண்டுகள் கழித்துத் தென்னமெரிக்காவுக்கு ஒரு குழு சென்றது. அன்று பிரிட்டிஷ் கயானா எனப்பட்ட நாட்டில், எஸ்ஸெக்விபோ நதியிற் சேரும் மொரபல்லி என்னும் ஓடைக்கரையில், 1929ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகக் குழுவினர் முகாமிட்டனர். குழுவின் தலைவர் ஹிங்ஸ்டன், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவர்; 1924ஆம் ஆண்டு எவரெஸ்ட் முயற்சியில் மருத்துவராகச் சென்றவர். உலகின் உயர்ந்த சிகரத்தின் அடியில் நின்றவர்க்கு, மரத்தின் உச்சியை எட்டுவது எளிதன்று என்பது இங்கே விளங்கிற்று. உயர்ந்த கிளைகளின்மேல் கயிறுகளை ஏற்றி, மேலே ஆளைத் தூக்கி, முகட்டில் திரியும் பூச்சிகளையும் பூக்களையும் ஆராய்ந்தனர்.

அக்குழுவில் பால் ரிச்சர்ட்ஸ் என்னும் இளைஞர் இருந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுதான். அந்நாட்டு வனத்துறையில் பணியாற்றிய டேவிஸ் என்பவரும் அவரும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தனர். காட்டில் 25 அடி அகலமும் 100 அடிக்கு மேற்பட்ட நீளமும் உடைய ஒரு பட்டையைத் தேர்ந்தெடுப்பர். அதிலுள்ள சிறு செடிகளையும் இளங்கன்றுகளையும் முதலில் வெட்டி அகற்றுவர். எஞ்சி நிற்கும் மரங்கள் ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்து, பருமனை அளப்பர். பிறகு மரங்களை வீழ்த்துவர். கீழே கிடக்கும் மரத்தின்மேல் நாடாவை ஓடவிட்டு, மொத்த நீளம் எவ்வளவு, முதற்கிளை எந்த உயரத்தில் பிரிகிறது, இலைத்தொகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிப்பர். அவ்வளவுகளைக் கொண்டு, சுவரைப் பிளந்து வீட்டின் உள்ளறைகளைக் காட்டும் கட்டட வரைபடம்போல், காட்டின் நெடுக்குவெட்டுப் படத்தைத் தாளில் வரைவர்.

1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அப்படங்களைக் காண்பவர்க்கு இன்றும் வியப்புத் தோன்றும். மேல்நிலை, நடுநிலை, கீழ்நிலை என்று மரங்களுக்கு மூன்று அடுக்குகளை அவர்கள் பெயரிட்டுக் காட்டினர். அவற்றின் கீழே புதரும் தரைச்செடியும் இரண்டு. 1952இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய வெப்பமண்டல மழைக்காடு பற்றிய நூல் இம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. பல நாடுகளின் தாவர அறிஞர்கள் இத்தகைய படங்களை வரைந்தனர்.

இப்படங்களின் விலை என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். அளந்து முடிந்தபோது அளக்கப்பெற்ற காடு அங்கே இல்லை. படத்தில் நிற்கும் மரங்கள் அனைத்தும் தரையிற் கிடக்கும் மரங்கள். அதே இடத்தை மறு ஆண்டு அளந்து, வளர்ந்ததா தேய்ந்ததா என்று ஒப்பிட வழியில்லை. மேலும், நூறு அடிப் பட்டை ஒன்று ஆயிரக்கணக்கான சதுரமைல் காட்டுக்கு எவ்வாறு சான்றாகும்? ‘இந்த அடுக்குகள் உண்மையிலேயே காட்டில் உள்ளனவா, அல்லது வரைபவர் கண்ணில் உள்ளனவா’ என்ற வழக்கு இதனாலேயே எழுந்து, அறிஞரிடையே பல்லாண்டுகள் தீராமல் நின்றது. வேறோர் இடத்தில் பட்டையை வெட்டியிருந்தால் வேறு படம் கிடைத்திருக்கும் என்று மறுப்போர் கூறினர். அவர்கள் கூற்றிலும் நியாயம் இருந்தது.

அடுக்குகளுக்கு எல்லைக்கோடு உண்டோ இல்லையோ, இலைகள் உயரந்தோறும் எவ்வாறு பரவியுள்ளன என்பது உயிர்களுக்கு முக்கியமென்று 1961இல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. ராபர்ட் மெக்கார்தர், ஜான் மெக்கார்தர் என்னும் அமெரிக்கர் இருவர், ஒரு பலகையைக் காட்டினுள் பல உயரங்களில் பிடித்து, எவ்வளவு தூரத்தில் அதன் பாதி இலையால் மறைகிறது என்று அளந்தனர். எளிய முறைதான், ஆனால் அதன் முடிவு ஆழமானது. இலையுதிர் காடுகளில் எத்தனை வகைப் பறவைகள் வாழும் என்பதை, மரங்களின் வகை எண்ணிக்கையைவிட இலைகளின் உயரப் பரவலே நன்கு உணர்த்துகிறது என்று அவர்கள் கண்டனர். எந்த மரம் என்பதைவிட எத்தனை நிலை என்பதே அப்பறவைகளுக்குப் பெரிது.

இனி ஒளியின் கதைக்கு வருவோம். ஓர் ஒளித்துகள் தன்னையொத்த மற்றொன்றைத் தூண்டி எழுப்பக்கூடும் என்னும் கொள்கையை ஐன்ஸ்டீன் 1917இல் வெளியிட்டார். அதனை மெய்ப்பித்து, 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் என்பவர் மாணிக்கப் படிகத்திலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார். சிதறாமல் நெடுந்தொலைவு செல்வதும், கணப்பொழுதுக்கும் குறைந்த துடிப்புகளாக விடக்கூடியதும் இவ்வொளியின் இயல்பு. ஈராண்டுகளுக்குள், 1962இல், லேசர் ஒளியைச் சந்திரனில் படச்செய்து அதன் எதிரொளியைப் பூமியிற் பெற்றுவிட்டனர்.

எதிரொளி என்ற சொல்லிலேயே அளக்கும் முறை அடங்கியிருக்கிறது. மலையடிவாரத்தில் நின்று கூவினால் எதிரொலி எவ்வளவு நேரத்தில் வருகிறதோ அதைக்கொண்டு மலையின் தொலைவைச் சொல்லலாம். ஒலிக்குப் பதில் ஒளி, அவ்வளவே வேறுபாடு. ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது. ஆதலின் 1,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து கீழே சென்று திரும்ப, வினாடியின் பத்து லட்சத்தில் 7 பங்குகூட ஆகாது. 15 சென்டிமீட்டர் வேறுபாட்டை அறிய வேண்டுமானால், வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கை அளக்கும் கடிகாரம் வேண்டும். மின்னணுக் கருவிகள் அதனைச் செய்தன. இம்முறைக்கு ‘லைடார்’ என்பது பெயர். ஒளியால் தொலைவறிதல் என்று நாம் விரித்துக் கொள்ளலாம்.

விமானத்தில் லேசரை ஏற்றியவர்கள் முதலில் மரங்களை நினைக்கவில்லை. நிலத்தின் மேடுபள்ளமும் கடலின் ஆழமும்தான் அவர்கள் நோக்கம். நிலத்தை அளப்போர்க்கு மரம் ஓர் இடையூறு. ஒளி தரையைத் தொடுமுன் இலை குறுக்கிடுகிறது. அந்த இடையூற்றையே செய்தியாகக் கொள்ளலாம் என்று எண்ணியவர்கள் சிலர். 1970களில் சோவியத் நாட்டிலும், அதனை அடுத்து வட அமெரிக்காவிலும் இம்முயற்சி தொடங்கிற்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, கடலாராய்ச்சிக்கென்று அமைத்த விமான லேசர் கருவியொன்றைக் காட்டின்மேல் பறக்கவிட்டது; ராஸ் நெல்சனும் அவருடைய தோழர்களும் அதன் முடிவுகளை 1984இல் வெளியிட்டனர். மரத்தின் உயரத்தை மட்டுமன்றி, விதானம் எவ்வளவு செறிந்தது என்பதையும், ஒளி எவ்வளவு ஆழம் உள்ளே நுழைகிறது என்பதைக்கொண்டு கணிக்கலாம் என அவர்கள் காட்டினர்.

நுட்பம் இவ்வளவுதான். ஒரு துடிப்பு ஒளி கீழே இறங்குகிறது. அதன் ஒரு பகுதி உச்சி இலையிற் பட்டுத் திரும்புகிறது. எஞ்சியது இடுக்குகளின் வழியே இறங்கி நடுநிலைக் கிளையிற் பட்டு ஒரு பங்கு திரும்புகிறது. இன்னும் எஞ்சியது கீழ்நிலைச் செடியில். கடைசிப் பங்கு தரையில். விமானத்திலுள்ள கருவி ஒரே துடிப்புக்குப் பல எதிரொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்துக் கொள்கிறது. 40 மீட்டர் உயரமுள்ள மரத்தின் உச்சியிலிருந்து வரும் எதிரொளிக்கும் அதன் அடியிலிருந்து வரும் எதிரொளிக்கும் இடையேயுள்ள காலம், வினாடியின் ஒரு கோடியில் மூன்று பங்குக்கும் குறைவு. அந்த இடைவெளிக்குள் காட்டின் எல்லா நிலைகளும் வரிசையாக எழுதப்பெற்று வருகின்றன. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையே பெரும்பாலும் பயன்படுத்துகின்றனர். பச்சிலை அவ்வொளியை உண்ணாமல் திருப்பிவிடுவது அதற்குக் காரணம். டேவிஸும் ரிச்சர்ட்ஸும் கோடாலி கொண்டு பெற்ற நெடுக்குவெட்டுப் படத்தை, ஓர் இலையும் உதிராமல் ஒளி வரைந்து தருகிறது.

தொடக்கக் காலக் கருவி விமானத்தின் நேர்கீழே ஒரே கோட்டைத்தான் அளந்தது. ஒளிக்கதிரை இடமும் வலமும் வீசி அகன்ற பட்டையை அளப்பதற்கு, ஒவ்வொரு துடிப்பின்போதும் விமானம் எங்கே இருந்தது, எப்பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். செயற்கைக்கோள்களைக் கொண்டு இடமறியும் அமெரிக்க அமைப்பு 1995இல் முழுமையுற்ற பின்னரே இது கைகூடிற்று. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் ஃபிரீட்ரிச் அக்கர்மனும் அவருடைய மாணவர்களும் இத்துறையில் வழிகாட்டினர். நார்வே நாட்டில் எரிக் நேசெட் 1990களில் செய்த ஆராய்ச்சிகளின் பயனாக, 2002 முதல் அந்நாட்டுக் காடுகளைக் கணக்கெடுக்க இம்முறை தொழில்முறையாகவே வழங்கலாயிற்று. ஆனால் நார்வேயின் ஊசியிலைக் காடுகள் எளியவை. வெப்பமண்டலத்தின் பன்னிலைக் காட்டைச் சோதிப்பதற்காக, கோஸ்ட்டா ரிக்காவின் லா செல்வாவில் 1998இல் நாசாவின் மற்றொரு கருவி பறந்தது. எதிரொளியைத் தனித்தனிப் புள்ளிகளாக அன்றி ஏறி இறங்கும் அலையாகவே முழுவதும் பதிவு செய்தது அக்கருவி.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிட வேண்டும். காட்டறிஞர்கள் பொன்னாகப் போற்றிய எதிரொளிகளை வேறு சிலர் பதரென்று தூற்றினர். அவர்கள் தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள். அவர்களுக்கு வேண்டியது தரையை எட்டிய கடைசி எதிரொளி மட்டுமே. நடு அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் காராகோல் என்னும் மாயர் நகரை ஆர்லென் சேஸும் டயான் சேஸும் கால் நூற்றாண்டு நடந்து அளந்தது சுமார் 23 சதுர கிலோமீட்டர். 2009இல் லேசர் விமானம் சில நாட்களில் 200 சதுர கிலோமீட்டரை அளந்து, காட்டுக்குள் மறைந்து கிடந்த வரப்புகளையும் சாலைகளையும் வெளிப்படுத்திற்று. 2012இல் கம்போடியாவின் அங்கோர் பகுதியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அவ்வாராய்ச்சியாளர் கணிப்பொறியில் மரங்களை நீக்கினர். காட்டறிஞர் அதே வகைக் கணக்கிலிருந்து தரையைக் கழித்து மரங்களை வைத்துக்கொண்டனர்.

நம் நாட்டில் இக்கருவி எதற்குப் பயன்பட்டது? நெடுங்காலம் விமான அளவை என்பது பல துறைகளின் முன்னனுமதி வேண்டும் செயலாக இருந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிமுறைகள் இந்திய நிறுவனங்களுக்கு அக்கட்டுப்பாட்டைப் பெரிதும் தளர்த்தின. அதற்கு முன்னரே, 2020இல், 26 மாநிலங்களில் 2,60,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டுநிலத்தை லைடார் கொண்டு அளக்கும் பணி, மத்திய அரசின் நிறுவனமாகிய வாப்கோசிடம் ஒப்படைக்கப்பெற்றது. அஸ்ஸாம், பீகார், சத்தீஸ்கர், கோவா, ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், மணிப்பூர், நாகாலாந்து, திரிபுரா ஆகிய பத்து மாநிலங்களுக்கான அறிக்கைகள் 2021 ஜூன் மாதம் வெளியாயின. எங்கே தடுப்பணை கட்டினால் நீர் தேங்கும், எங்கே தீவனம் வளரும், அதனால் விலங்குகள் ஊருக்குள் வருவதை எவ்வாறு குறைக்கலாம் என்பதே அவற்றின் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆயினும் அங்கு முதன்மை பெற்றது காட்டின் தரையே, நிலைகள் அல்ல.

நிலைகளை அறிவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நம் நாட்டுக் காட்டுக் கணக்கைப் பார்ப்போம். 1965இல் தொடங்கிய காட்டுவள முன்னாய்வுப் பணி, 1981இல் டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வன ஆய்வு நிறுவனமாக உருப்பெற்றது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 1987 முதல் அது வெளியிட்டு வரும் அறிக்கைகளின்படி, 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் விதானம் 10 சதவீதமேனும் நிழலிட்டால் அது காட்டுப்பரப்பிற் சேரும். 70 சதவீதமும் அதற்கு மேலும் மிக அடர்ந்த காடு. 40 முதல் 70 வரை நடுத்தர அடர்த்தி. 10 முதல் 40 வரை திறந்த காடு. நிலம் யாருடையது, மரம் எது என்ற கேள்வி இல்லை; பழத்தோட்டமும் மூங்கிலும் தென்னையும் இதில் அடங்கும். 2023ஆம் ஆண்டுக்குரிய அறிக்கை கூறும் 7,15,343 சதுர கிலோமீட்டர் காட்டுப்பரப்பு இவ்வரையறையின்படி எண்ணியதே. வரையறையை அந்நிறுவனம் மறைக்கவில்லை, அறிக்கையிலேயே அச்சிட்டிருக்கிறது. அதைப் படியாமல் தலைப்பு எண்ணை மட்டும் படித்து மகிழ்வதும் வருந்துவதும் நம் வழக்கமாகிவிட்டது.

தலைநகரில் வாழும் நேயர்கள் இதனைக் கண்ணெதிரே காணலாம். டில்லியின் நடுவே கிடக்கும் ‘ரிட்ஜ்’ என்னும் அராவளிக் குன்றுப்பகுதியைப் பெரிதும் மூடியிருப்பது ‘விலாயதி கீக்கர்’. பெயர் புதிதாக இருக்கலாம்; மரத்தை அருகில் சென்று பார்த்தால் இராமநாதபுரத்தார்க்கும் விருதுநகரத்தார்க்கும் பழைய பகைவனைக் கண்டதுபோல் இருக்கும். அது நம் சீமைக்கருவேலே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷார் அங்கே அதனைப் பரப்பினர். மேலிருந்து நோக்கும் செயற்கைக்கோளுக்கு அது பசுமை. நிழல் கணக்கில் குறைவில்லை. உள்ளே சென்றால் பெரும்பாலும் ஒரே நிலை. அதன் அடியில் பிற செடி தழைப்பது அரிது. வசந்த விகார் அருகே, கல்வெட்டி எடுத்துப் பாழான நிலத்தில், டில்லிப் பல்கலைக்கழக அறிஞர்களின் துணையோடு அமைந்த அராவளி உயிர்ப்பன்மைப் பூங்காவில், கீக்கரை விலக்கி உள்நாட்டு மரங்களையும் புதர்களையும் புல்லையும் நிலைநிலையாக வளர்த்திருக்கின்றனர். இரண்டையும் ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பவர்க்கு, விதானத்தின் அடர்த்தி என்னும் ஓர் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது விளங்கும். நீலகிரியின் சீகை, தைலமரத் தோட்டங்களுக்கும் அவற்றின் பக்கத்திலேயே மீந்து நிற்கும் சோலைகளுக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. பன்னிலைக் காடு ஒன்று வெட்டுண்டு, அதனிடத்தில் ஓரினத் தோட்டம் எழுந்து நிழல் பரப்பினால், பரப்புக் கணக்கில் இழப்பு ஏதும் தோன்றாமலே போகலாம். ஒளியால் அளக்கும் கணக்கில் அது மறையாது. நடுநிலைகளிலிருந்து வரவேண்டிய எதிரொளிகள் வாரா.

இக்கருவியை மந்திரக்கோல் என்று கொள்ளவும் வேண்டா. காடு எவ்வளவு செறிந்ததோ அவ்வளவு குறைவாகவே ஒளி கீழே இறங்கும். எந்தக் காட்டின் நிலைகளை அறிய மிகவும் விரும்புகிறோமோ, அந்தக் காட்டில்தான் கீழ்நிலைச் செய்தி மங்கி வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டில் லைடார் கொண்டு செய்து 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இக்குறையைச் சுட்டியது. மேலும், ஒளி உயரத்தைச் சொல்லுமேயன்றி மரத்தின் பெயரைச் சொல்லாது. வெடிப்பலாவா நாங்கா என்று அறிய, அங்கே சென்று இலையைப் பார்ப்பவர் வேண்டும். மரத்தின் எடையையும் ஒளி நேரே அறியாது. தரையில் அளந்த மரங்களோடு ஒப்பிட்டே கணிக்க வேண்டும். 1955இல் பாண்டிச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், கர்நாடகத்தின் உப்பங்களாக் காட்டில் 1990ஐ ஒட்டி நிலையான ஆய்வுத்திடல் ஒன்றை அமைத்து, குறித்த மரங்களை மீண்டும் மீண்டும் நாடாவால் அளந்து வந்தனர். பிராண்டிஸ் காலத்து நாடா அது. வானிலிருந்து வரும் கணக்குக்குத் தரையிலிருந்து சான்று கூறுவது அத்தகைய நாடாக்களே.

வானம் என்றது விமானத்தின் உயரத்தோடு நிற்கவில்லை. 2018 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய ‘கெடி’ என்னும் கருவி, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து காடுகளின்மேல் லேசரைப் பாய்ச்சி, 25 மீட்டர் அகலமுள்ள வட்டங்களாக அவற்றின் நிலைகளை அளந்தது. 2023 மார்ச்சில் நிறுத்திவைக்கப்பெற்று, 2024இல் மீண்டும் பணி தொடங்கிற்று. நம் சாத்பூராவும் சஹ்யாத்ரியும் அதன் பார்வைக்கு உட்பட்டவையே. இடைவெளி விட்டு மாதிரி எடுப்பதன்றி முழுப்பரப்பையும் மூடி அளப்பது அதன் வேலையன்று. அதற்கு விமானமே வேண்டும்.

விமான லேசர் கண்டெடுத்த மரமொன்றைக் கூறி இப்பேச்சை நிறுத்துவோம். போர்னியோத் தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில், தானும் பள்ளத்தாக்கு என்னும் காப்புக்காடு உள்ளது. அங்கே விமானத்திலிருந்து எடுத்த லேசர் கணக்கை ஆராய்ந்தவர்கள், மற்ற முகடுகளையெல்லாம் விஞ்சி நிற்கும் ஒரு புள்ளிக்கூட்டத்தை 2018இல் கண்டனர். தரைவழியே சென்று தேடியபோது அது மஞ்சள் மெராந்தி என்னும் மரம் என்று தெரிந்தது. சத்தீஸ்கரிலும் ஜார்க்கண்டிலும் வாழும் நம்மவர் நாள்தோறும் காணும் சால மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. மலாய் மொழியில் கோபுரம் என்று பொருள்படும் ‘மெனாரா’ என்று அதற்குப் பெயரிட்டனர். வேர் நீங்கலாக அதன் எடை 81,500 கிலோ என்றும், அதில் இலைமுடியின் பங்கு நூற்றுக்கு ஐந்தே என்றும் கணித்தனர். எனினும் உயரத்தை உறுதி செய்ய ஒளியை மட்டும் அவர்கள் நம்பவில்லை. 2019 ஜனவரியில், மரமேறுவதில் தேர்ந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கயிற்றின் துணையால் உச்சிவரை ஏறி, அங்கிருந்து ஓர் அளவுநாடாவைக் கீழே தொங்கவிட்டார். நாடா காட்டிய உயரம் 100.8 மீட்டர்.